கலங்காமல் விழுந்த படம்

1

நேரில் நன்றி சொல்லப் போய்த் தோற்றதால் பிறந்த கதை இது. வாயைத் திறந்தாலே ரசாக் மாமா பேச்சை மாற்றிவிடுகிறார். அவர் என் அம்மாவின் தம்பி. கடைவீதியில் பித்தளை, செம்புப் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். சொல்ல விடாததால் எழுதித் தொலைக்கிறேன். என் பெயர் உஸ்மா. என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். அச்சில் அது தெரியாது, அச்சகத்துக்காரருக்குப் புண்ணியம்.

2

என் கையிலிருந்த டம்ளர் தரையில் விழுந்து

(வேண்டாம். எல்லாக் கதையிலும் டம்ளர் விழுகிறது.)

தொண்ணூற்றாறில் எனக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. பிறகு பேச்சு குழறியது, கடைவாயில் எச்சில் ஒழுகியது. கல்லூரிக்குப் போவது நின்றது. நரம்புத் தளர்ச்சி என்றார் ஒரு டாக்டர். காற்றுச் சேட்டை, ஏதோ பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் பக்கத்து வீட்டில். மாமாவோ கடையில் இருந்ததிலேயே நல்ல செம்புக் குடமாகப் பார்த்து எடுத்து வந்தார். அதில் ஊறிய தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் நரம்புக்கு நல்லது என்று, வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி விற்கிறவர் அவர். குடித்தேன். இன்னும் மோசமானேன்.

3

(இங்கே குடத்தை வில்லனாக்கினால் கதை பிய்த்துக்கொண்டு ஓடும். எனக்கும் ஆசைதான். ஆனால் பொய்.)

தலைக்குள் படம் எடுத்தே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவரும் மாமாதான். எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்பு கிரும்பு எதுவும் ஆகாது. வாட்ச், சாவிக்கொத்து, பச்சை பெல்ட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, நழுவும் வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி உள்ளே வந்தார். தலை அசைந்தால் படம் கலங்கிவிடுமாம். அசையாமல் இருக்க முடிந்தால் நான் ஏன் அங்கே வரப்போகிறேன்? முதல் படம் பாழ். ஓர் ஊசி போட்டு மறுபடி படுக்க வைத்தார்கள். இயந்திரம் பாத்திரப் பட்டறை மாதிரித் தட்டியது. பயத்தில் உதறினேன். மாமா வேட்டியை விட்டுவிட்டு என் இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டார்.

“ஆடாத கண்ணு. மாமன் புடிச்சிருக்கேன்.”

படம் தெளிவாக விழுந்தது. இந்த வரியை எழுதத்தான் இத்தனை பாடு. நன்றி மாமா.

4

டாக்டர் விமலாராணி படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூளையின் ஆழத்தில், அசைவுகளை ஒழுங்குபடுத்தும் இடத்தில், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வெள்ளை. அதைப் பார்த்ததும் என் கண்ணில் விளக்கடித்தார். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிந்தது. ரத்தம், சிறுநீர் எல்லாம் சோதித்து உறுதி செய்தார். சாப்பாட்டில் வரும் செம்பை வெளியேற்ற என் உடம்புக்குப் பிறவியிலேயே தெரியாதாம். அது ஈரலிலும் மூளையிலும் தங்கிவிட்டது. விட்டிருந்தால் உயிர் போயிருக்கும். ஆனால் மாத்திரை இருக்கிறது.

மாமா தயங்கித் தயங்கிக் குடத்தைப் பற்றிக் கேட்டார்.

“அதனால வந்ததில்லைங்க. இது பொறப்புலயே இருந்தது. குடத்துத் தண்ணி கொஞ்சம் கூட்டியிருக்கும், அவ்வளவுதானுங்க.”

கடைசி வாக்கியம் மட்டும்தான் மாமாவின் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டுக்குள் வருவதில்லை. மாத்திரையைச் சென்னையிலிருந்து தருவித்து, மாதாமாதம் வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறார். நோன்புப் பெருநாளுக்கும் வாசலோடு சரி. அம்மா பிரியாணியைத் தூக்குவாளியில் கொடுத்தனுப்புகிறாள்.

5

முதல் முடிவு: டாக்டரம்மா வந்து விளக்குகிறார், மாமா தேம்பி அழுகிறார். (அடித்துவிட்டேன். மாமாவாவது, அழுவதாவது.)

இரண்டாம் முடிவு: பெருநாளன்று மாமா உள்ளே வந்து, சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா பரிமாற

(இதை எழுதும்போது எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.)

நேற்று இதுவரை எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

“பேரை மாத்திப்போடு அம்மணி.”

ஏன் என்று கேட்டேன்.

“இந்த ஆளை நல்லவனாட்ட எழுதிப்போட்டயே.”

நான் மாற்றவில்லை. வாசகரே, இதற்கு மேல் என்னால் ஆகாது. பாத்திரம் வாங்கக் கடைவீதிக்குப் போனால் ரசாக் பாய் கடை எது என்று கேளுங்கள், யாரும் காட்டுவார்கள். உங்கள் அக்கா மகளைப் பிழைக்க வைத்தது நீங்கள்தானாமே என்று அவரிடம் கேளுங்கள். நான் சொன்னால், பாசத்தில் சொல்கிறேன் என்கிறார். முன்பின் தெரியாத நீங்கள் சொன்னால் ஒருவேளை நம்புவார்.