ஷைலேந்திராவின் ஆளில்லா வயலின்கள்

அந்தச் சனிக்கிழமை காலையில் முதலில் உருண்டது முரசு. நான் வேலியோரக் கொடியில் போர்வை காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மழை ஓயாத எங்கள் தீவில், இந்தச் சமபுலா பக்கம் வெயில் வந்தால் விடக் கூடாது. அதிலும் வேலியோரம் நின்றால் ஷைலேந்திரா வீட்டுக் கூடமும் ஏழுமலை மாமா வீட்டு வாசலும் ஒரே பார்வையில் கிடைக்கும். காற்று அங்கேதான் நன்றாக வரும் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். முரசைத் தொடர்ந்து பித்தளை ஊதுகுழல்கள் ஒரே மூச்சில் கிளம்பின. அதற்குப் பிறகு வயலின்கள், பத்து இருபது இல்லை, ஒரு படையே வந்தது. போர்வையின் ஒரு முனை என் கையில் இருந்தது, மறுமுனை சேற்றில் கிடந்தது.

எதிர்வீட்டிலிருந்து ஏழுமலை மாமா வெளியே பாய்ந்தார். இடுப்பில் லுங்கி மாதிரி சுலு, ஒரு காலில் செருப்பு, சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டுப் போட்ட இன்னொரு காலில் பிளாஸ்டிக் பை. லம்பாசாவில் கரும்பு லாரி ஓட்டிய காலத்துக் குரல் அவரிடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

"கோவிந்தம்மா! கூ வந்துடுச்சு! எழுந்திரு, அரிசி வாங்கணும்!"

பட்டாளம் ஆட்சியைப் பிடிப்பதை எங்கள் ஊரில் எல்லா பாஷைக்காரர்களும் கூ என்றுதான் சொல்வோம். இருபது வருஷத்தில் நாலு பார்த்தாகிவிட்டது, எண்பத்தேழில் மட்டும் இரண்டு. கடைசியாக வந்தது போன டிசம்பரில். இதைப் பற்றி மாமாவிடம் சொந்தமாக ஒரு விதி உண்டு. எண்பத்தேழில் செய்தி வருவதற்கு முன்னால் அவர் லாரி ரேடியோவில் பாட்டு நின்று, வார்த்தையில்லாத வாத்திய சத்தம் மட்டும் வந்ததாம். இரண்டாயிரத்திலும் அப்படியேதானாம். போன டிசம்பரில் என்ன வந்தது என்று கேட்டால், "அன்னைக்குத் தூங்கிட்டேன்" என்பார். ஆக மொத்தம், பாட்டில் வார்த்தை இல்லையென்றால் அரிசி வாங்க வேண்டும்.

தெருவே பல்ராம் கடைக்கு ஓடியது. நானும் போனேன். யார் யார் என்ன வாங்குகிறார்கள் என்று பார்க்கத்தான் போனேன், ஆனால் வெறுங்கையோடு திரும்பினால் நன்றாக இருக்காது என்பதால் ஒரு மூட்டை மாவும் கொஞ்சம் டின் மீனும் எடுத்துக்கொண்டேன். கோவிந்தம்மா மாமி உப்பை மட்டும் அள்ளிக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்தில் உப்பு கிடைக்காமல் பட்ட கஷ்டத்தை அவள் மறக்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் பல்ராமின் ரேடியோ சோப்புத்தூள் விளம்பரம் முடித்து ஹிந்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தது. பல்ராமுக்கு அது காதில் விழாமல் இருந்திருக்காது. வியாபாரம் நடக்கும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை.

அப்போது சுமித்ரா பால் வாங்க வந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் உடுப்புகூட மாற்றவில்லை. கூட்டத்தையும் உப்பையும் என் மாவு மூட்டையையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"என்ன மாமா இதெல்லாம்?"

"கூ வந்துடுச்சும்மா. கேக்கலையா? வார்த்தையே இல்லாம அடிக்கிறான் பாரு!"

சுமித்ரா கண்ணை மூடித் திறந்தாள். "மாமா, அது கூ இல்ல. எங்க வீட்டுக்காரர்."

ஷைலேந்திராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆபீசில் குமாஸ்தா. குடிக்க மாட்டான், யங்கோனா வேர்ச்சாறு குடிக்கிற உட்காரலுக்கும் வர மாட்டான், ஆகவே அவனைப் பற்றிப் பேச எங்களுக்கு அதிகம் கிடைத்ததில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிரிஸ்பேனில் இருக்கும் அவன் அண்ணன் கம்ப்யூட்டருக்கு ஏதோ தட்டுகள் அனுப்பி வைத்தான். எங்கேயோ குளிர் தேசத்தில் யாரோ ஒவ்வொரு வாத்தியத்தின் ஒவ்வொரு சத்தத்தையும் வாசித்து, பதிந்து, அதில் அடைத்து வைத்திருக்கிறார்களாம். இவன் கூடத்தில் உட்கார்ந்து சின்னக் கீபோர்டில் விரலை வைத்தால் வயலின் வரும். கம்ப்யூட்டர் எலியைத் தட்டினால் ஊதுகுழல் வரும். அதையெல்லாம் வைத்து மேல்நாட்டுப் பெரிய கச்சேரி மாதிரி ஒன்றை அவனே கட்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ வாசிக்கிறவங்க?" என்று பல்ராம் ஒருமுறை கேட்டார்.

"யாரும் இல்லை அண்ணே."

"எல்லாரும் ஆக்லாந்து போயிட்டாங்களா?"

அவர் கிண்டலுக்குக் கேட்கவில்லை. எங்கள் தெருவில் இப்போது எந்தக் கேள்விக்கும் முதலில் வருகிற பதில் அதுதான். மூலை வீடு சிட்னிக்குப் போய்விட்டது. மாமா வீட்டுக்குப் பின்வீடு பிரிஸ்பேனுக்குப் போய்விட்டது. கோயிலில் பஜனைக்கு டோலக் வாசித்தவன் போய் ஒரு வருஷமாக எல்லாரும் கையைத் தட்டித்தான் பாடுகிறோம். சனிக்கிழமை ஆனால் யாராவது ஒருவரை மாலை போட்டு அனுப்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் விட்டுப்போன பூந்தொட்டி யாருக்கு என்று தகராறு.

இப்போது சுமித்ராவுக்கும் பேப்பர் வந்திருந்தது. நியூசிலாந்தில் நர்சுக்குக் கும்பிட்டு வேலை கொடுக்கிறான். இந்த மாதம் முடிவதற்குள் போய் இறங்காவிட்டால் அந்த அனுமதி காலாவதி. ஷைலேந்திராவோ, கச்சேரி முடியட்டும் முடியட்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தான். முடித்ததும் சத்தத்தைக் கூட்டி வைத்து முதல்முறையாக முழுவதும் போட்டுப் பார்த்த காலைதான் நாங்கள் அரிசிக்கு ஓடிய காலை.

அன்று மத்தியானம் போர்வை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன். ஷைலேந்திரா வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தது. எங்கள் தெருவில் சண்டை ஹிந்தியில், சாமி தமிழில், கவர்மெண்டு இங்கிலீஷில். ஆனால் இவர்கள் இருவரும் அடுத்த வீட்டுக்குப் புரியக் கூடாது என்றால் சண்டையைத் தமிழுக்கு மாற்றிக்கொள்வார்கள். அடுத்த வீடு நான் என்பதை மறந்துவிட்டார்கள்.

"உங்க பாட்டைக் கேட்டு ஊரே உப்பு வாங்குது. இந்த ஊர்ல யாருக்குங்க இதைப் போட்டீங்க? அங்க போனா நெஜமான வாத்தியக்காரங்க இருக்காங்க. டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கறவங்க இருக்காங்க."

"இங்கயும் கேப்பாங்க."

"யாரு? ஒரு ஆளைக் காட்டுங்க. இந்தத் தெருவுல ஒரே ஒரு ஆள் முழுசா கேட்டுட்டு, அதுல என்ன இருக்குன்னு சரியா சொல்லட்டும். நான் பேப்பரைத் திருப்பி அனுப்பிடறேன். அப்படி ஆளே இல்லன்னா, வாயை மூடிக்கிட்டுப் பெட்டியைக் கட்டணும்."

நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு ஷைலேந்திரா, "சரி. நாளைக்கு எல்லாரையும் கூப்பிடறேன்" என்றான்.

போர்வை காயவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன்.

தெருவின் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். மாமாவின் கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுகிறவள் சுமித்ரா. பல்ராமுக்கு பிரஷர் பார்க்கிறவள் அவள். எனக்கு முதுகுவலிக்கு ஊசி போட வேண்டுமென்றால் அவள்தான். அவள் போய்விட்டால் நாங்கள் எல்லாரும் ஹெல்த் சென்டர் பெஞ்சில் விடியற்காலையிலிருந்து காத்துக் கிடக்க வேண்டும். மாமா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு உத்தரவு போட்டார்.

"யாரும் தூங்கக் கூடாது. யாரும் பாதியில எழுந்து போகக் கூடாது. முடிஞ்சதும் ஆளுக்கு ஒண்ணு நல்லதா சொல்லணும்."

"என்ன சொல்றது மாமா?" என்றார் பல்ராம்.

"உள்ளே என்ன தோணுதோ அதைச் சொல்லு. ஆனா யோசிச்சு வெச்சுக்கிட்டு வா."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து போனோம். ஷைலேந்திரா கல்யாணத்துக்குப் போடுகிற மாதிரி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தான். பாதி வீடு ஏற்கெனவே அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. ஸ்பீக்கர்கள் இரண்டும் பெட்டிகளின் மேல் உட்கார்ந்திருந்தன. வெள்ளைச் சட்டை, காலர் பொத்தான் வரை போட்டிருந்தான். "ஓபஸ்னா படைப்பு. இதுக்குப் பேர் ஓபஸ் ஒண்ணு" என்றான்.

"ஒண்ணா? இன்னும் எத்தனை இருக்கு?" என்று பல்ராம் பதறினார். மாமா அவர் தொடையில் ஒரு அடி வைத்தார்.

சுமித்ரா எங்களை வரவேற்றாள், தண்ணீர் கொடுத்தாள், சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சண்டைக்காரி இல்லை. வெங்காயம் நறுக்கினாள். முரசு உருண்டு, ஊதுகுழல் எழும்பி, வயலின்கள் நெஞ்சைப் பிடித்து இழுக்க ஆரம்பித்த இடத்தில் சரியாக எண்ணெயில் முதல் பஜியா விழுந்தது. அந்த வாசனை வரிசை வரிசையாக எங்களைத் தாண்டிப் போனது. பல்ராமின் மூக்கு முதலில் திரும்பியது, தலை பின்னால் போனது. கதவோரத்தில் ஒரு தட்டு வந்து நின்றது. "சூடா இருக்கு, யாராவது வந்து எடுத்துக்கறீங்களா?" என்று அவள் மெதுவாகச் சொன்னாள். யாரும் எழவில்லை. மாமாவின் கண் எங்கள் மேல் இருந்தது. வைத்தியத்துக்காக மனிதர்கள் எவ்வளவு தியாகம் செய்வார்கள் என்று அன்றுதான் பார்த்தேன்.

கச்சேரி நடுவில் பெரிதாக மழை மாதிரி ஒன்று பெய்தது. பிறகு ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில் வயலின்கள் மட்டும் தாழ்வாக, ஏதோ ஒன்றுக்கு இடம் விட்டு நிற்கிற மாதிரி வெகுநேரம் நின்றன. கோவிந்தம்மா மாமி அங்கேதான் குறட்டை விட்டாள். ஷைலேந்திரா ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை. எங்கள் முகங்களையே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான், ஜுரம் பார்க்கிறவன் மாதிரி. முடிந்தது. நாங்கள் கை வலிக்கத் தட்டினோம்.

"என்ன கேட்டுச்சு? சொல்லுங்க" என்றான்.

பல்ராம் எழுந்து நின்றார். "ரொம்பப் பெருசு. நல்ல கனம். வெளிநாட்டுச் சாமான் மாதிரியே இருக்கு."

"சினிமாவுல கதாநாயகி அப்பா செத்துப்போற இடம்" என்றேன் நான். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

மாமி விழித்து, "உப்பு போதும்" என்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார். "இதோ பாருடா, பொய் சொல்ல எனக்கு வராது. எனக்கு எண்பத்தேழுதான் கேட்டுது. லம்பாசாவுல லாரியை ஓரம் கட்டிட்டு, வீட்டுக்குப் போறதா வேணாமான்னு நின்னேனே, அதான் கேட்டுது. ஆனா நல்லா இருந்துச்சு."

ஷைலேந்திரா தலையை ஆட்டினான். கோபமில்லை. வெள்ளைச் சட்டையின் காலர் பொத்தானைக் கழற்றினான். "எல்லாரும் வந்ததுக்கு சந்தோஷம்" என்று சொல்லிக் கம்ப்யூட்டரை அணைக்கக் குனிந்தான். மாமா தன் கால் கட்டைப் பார்த்துக்கொண்டார். முடிந்தது, ஹெல்த் சென்டர் பெஞ்சுதான் என்று எனக்கும் தோன்றியது.

சமையலறை வாசலில் சுமித்ரா கரண்டியோடு நின்றாள். ஜெயித்த முகம் இல்லை. ஏதோ உறுத்துகிற முகம்.

"ஏங்க, புல்லாங்குழல் எங்க?"

"எது?"

"மழை விட்டதும் வருமே. ரெண்டு தரம் வரும். முதல் தரம் முழுசா வரும், ரெண்டாவது தரம் பாதியில விட்டுடும். அது சொல்ல வந்து சொல்லாம விடறதாலதானே கடைசியில எல்லாரும் சேர்ந்து அழறாங்க? அது வராம நீங்கபாட்டுக்கு முடிச்சுட்டீங்க. காரணமே இல்லாம அழற மாதிரி இருக்கு."

ஷைலேந்திரா திரையைப் பார்த்தான். நேற்றுத் தெருவைப் பயமுறுத்தியது எந்த வாத்தியம் என்று கண்டுபிடிக்க, கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக வாயை அடைத்துப் பார்த்திருக்கிறான். எல்லாவற்றையும் திறந்துவிட்டவன் புல்லாங்குழலை மறந்துவிட்டான். கட்டியவனே கவனிக்கவில்லை.

"உனக்கு எப்படி..." என்றான்.

"மூணு வருஷமா சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரு படுத்திருந்தா?"

மாமாவுக்குத்தான் முதலில் உறைத்தது. நாற்காலியிலிருந்து ஒற்றைக்காலில் எழும்பினார். "ஆள் கிடைச்சாச்சு! முழுசா கேட்டாச்சு, என்ன இருக்குன்னு சொல்லியாச்சு! பேப்பரைத் திருப்பி அனுப்பும்மா!"

சுமித்ரா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நேற்று வீட்டுக்குள் நடந்த பேச்சு தெருவுக்கு எப்படிப் போனது என்று அவள் கேட்கவில்லை. நான் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தேன். மேகம் திரண்டிருந்தது.

"என்னைச் சேக்கக் கூடாது மாமா. நான் தெருவுல இருக்கறவங்களைச் சொன்னேன்."

"ஏன், நீ இந்தத் தெரு இல்லையா?"

ஷைலேந்திரா திரைப் பக்கம் திரும்பி, புல்லாங்குழலைத் திறந்துவிட்டான். கெஞ்சவில்லை. அடுப்பில் எண்ணெய் கருகுகிற வாசனை வந்தது, அவள்தான் போய் அணைத்தாள். திரும்பி வந்து எங்கள் ஒவ்வொருவர் கையிலும் காகிதத்தில் பஜியாவைத் திணித்தாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. எல்லாரும். கமலாக்கா, நீங்களும்" என்றாள் என்னிடம். கடைசிச் சொல்லில் கொஞ்சம் அழுத்தம் இருந்தது.

வெளியே வந்தோம், ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே கூடம் துண்டு துண்டாகத் தெரிந்தது. வரிசையில் இரண்டு நாற்காலிகளை மட்டும் விட்டு மற்றதைச் சுவரோரம் தள்ளினாள். ஒன்றில் அவள் உட்கார்ந்தாள். அவன் எலியைத் தட்டிவிட்டு வந்து அடுத்ததில் உட்கார்ந்தான். இருவரும் பேசினார்களா என்று பார்க்க நான் இரண்டடி முன்னால் போனபோது சுமித்ராவின் கை வந்து பிடியைத் திருப்பியது. கண்ணாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்து ஜன்னல் மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அதில் தெரிந்தது நாங்கள்தான்: சுலு கட்டிய மாமா, மாமி, பல்ராம், நான்.

முரசு உருண்டது. பல்ராம் பஜியாவை வாய் வரைக்கும் கொண்டுபோனார். கடித்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும். கையை இறக்கிக்கொண்டார். மழை பெய்து ஓய்ந்தது. வயலின்கள் தாழ்ந்து, இடம் விட்டு நின்றன. அந்த இடத்துக்குள் ஒற்றைப் புல்லாங்குழல் வந்து, தான் சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லிவிட்டுப் போயிற்று. மாமா கட்டுப் போட்ட காலைத் தரையில் ஊன்றியது தெரியாமல் நின்றார். இரண்டாவது தரம் அது மறுபடி கிளம்பி, பாதியில் நின்றது. மூடிய கண்ணாடியில் நாங்கள் நாலு பேரும், பஜியா எண்ணெய் காகிதம் தாண்டி விரலில் இறங்க, கடிக்காமல் நின்றுகொண்டிருந்தோம்.