போர்வையில் தெரிந்த கை

தொண்ணூற்றாறில், என் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், உடுமலைப்பேட்டை மண்டபத்தில் எங்கள் நிச்சயதார்த்த வீடியோவைப் பெரிதாகப் போட்டுக் காட்டுவதென்று அப்பா முடிவெடுத்துவிட்டார். கோயமுத்தூரிலிருந்து வீடியோக்காரர் சிக்கந்தர் அண்ணன் புரொஜெக்டரோடு வந்தார். கேசட் ஓடும் டெக்கிலிருந்து வந்த மஞ்சள் ஒயரைப் புரொஜெக்டரிலும், சிவப்பையும் வெள்ளையையும் மண்டபத்து ஆம்ப்ளிஃபயரிலும் சொருகினார். படமும் சத்தமும் ஒன்றாய் வந்தன.

தொல்லை கொடுத்தது பொடிசுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே ஓடியபடியே இருந்தார்கள். பொறுத்துப் பார்த்த அண்ணன், திரையாகக் கட்டியிருந்த சென்னிமலை வெள்ளைப் போர்வைக்குப் பின்னால் புரொஜெக்டரைத் தூக்கி வைத்துவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் இடம் வலமாக மாறித் தெரிந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. சம்பந்தி வீட்டுப் படத்தில் குறை சொல்வது மரியாதையா? டைட்டிலில் எங்கள் பெயர்கள் திரும்பி விழுந்ததைக்கூட டிசைன் என்று எண்ணிக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அத்தை சுப்பாத்தாள் நிச்சயத்துக்கு வராதவர். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். திரையில் நான் மாமியாருக்கு வெற்றிலை பாக்கு கொடுத்தேன். இடது கையால்.

"ஏனுங்க, நொட்டாங்கையில வெத்தலை குடுக்கற புள்ள எங்கூட்டுக்கு வேணுங்களா?" என்று அத்தை எழுந்துவிட்டார். அதே படத்தில் அவருடைய அண்ணன் மகன், மாப்பிள்ளை கௌதமனும் இடது கையால்தான் ஜிலேபி தின்றுகொண்டிருந்தான். அது யார் கண்ணில் படும்? மாமியார் நேரில் பார்த்தவர். ஆனால் நாத்தனாரை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

படம் பின்னாலிருந்து விழுவதால் கை மாறித் தெரிகிறது என்று சிக்கந்தர் அண்ணன் ஓடிவந்து விளக்கினார்.

"பொட்டி பொய் சொல்லுமாங்க?" என்று கேட்டுவிட்டு அத்தை செருப்பைத் தேடினார்.

எனக்கு அழுகை முட்டியது. கோபம் அதைவிட முட்டியது. கௌதமனை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு போர்வைக்காக அவனை விடுவதா? அண்ணனின் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் மஞ்சள் ஒயரை டெக்கிலிருந்து பிடுங்கிக் கல்யாண வீடியோ கேமராவில் மாட்டி, அத்தையின் பக்கம் திருப்பினார்.

போர்வையில் அத்தை தெரிந்தார், ஆளுயரத்துக்கும் மேல், மூக்குத்தி மின்ன. செருப்பு மறந்துபோய்விட்டது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு தன்னையே பார்த்தபடி நின்றார். நான் மைக்கோடு பக்கத்தில் போய், "வாங்கிக்குங்க அத்தை" என்று வெற்றிலை பாக்கை நீட்டினேன்.

நிஜமாகவே இடது கையால்.

திரையில் அது வலது கையாக வந்தது. அத்தை போர்வையிலிருந்து கண்ணை எடுக்காமலே வாங்கிக்கொண்டார்.

"சோத்தாங்கைதானுங்க. நாந்தான் தப்பாச் சொல்லிப்போட்டேன்" என்று மைக்கில் சபைக்கே சொன்னார்.

முன்வரிசை முழுவதும் என் கையை நேரிலேயே பார்த்தது. மரியாதைக்காரர்கள். அப்போதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.