சாயும் கூட்ட அறை

கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் தலைமைப் பொறுப்பேற்ற மாதத்திலேயே, வட்டாரத் தொழில்நுட்பக் கூட்டமைப்பின் கூட்ட அறை கப்பலைப் போலச் சாயத் தொடங்கியது. கட்டடம் நேராகத்தான் நின்றது. மூன்றாம் மாடியில் அந்த ஓர் அறை மட்டும் சாய்ந்தது. பொறியாளர்கள் வந்து அளந்து, பழுது எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே வெளியேறினார்கள். யார் எதை மறைத்தாலும் அறை அவர் பக்கம் இறங்குகிறது என்பது போகப் போகத்தான் உறுப்பினர்களுக்குப் புரிந்தது. தோற்றுப்போன சோதனையைப் பேராசிரியர் ஒப்புக்கொண்டதும் நிமிர்ந்தது. பழைய இயந்திரத்துக்குப் பெயிண்ட் அடித்ததை ஆலை முதலாளி சொன்னதும் நிமிர்ந்தது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்பார் கேப்டன். நாற்காலிகளைத் தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

மூன்றாம் வருடம் கேப்டனின் மகள் நடத்திய சிறு நிறுவனம் ஒரு பெட்டி செய்தது. மீன்பிடிப் படகு மூழ்கினால் அது கத்திக் கரைக்குத் தகவல் சொல்லும். கூட்டமைப்போடு ஒப்பந்தம் கையெழுத்தானால் வட்டாரத்துப் படகுகள் எல்லாவற்றிலும் அதுதான்; ஆகாவிட்டால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான். கையெழுத்து நாளன்று அறை மகள் பக்கம் இறங்கியது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. கேப்டன் பேராசிரியரைக் கேட்டார், ஆலை முதலாளியைக் கேட்டார், மகளை மட்டும் கேட்கவில்லை. பிறகு மாலுமி புத்தியில் ஒரு காரியம் செய்தார். கப்பல் சாய்ந்தால் பாரத்தை மறுபக்கம் மாற்றுவது வழக்கம்.

“எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. அந்த பீரோவையும் தள்ளுங்க.”

தள்ளினார்கள். அறை இன்னும் இறங்கியது. ஜன்னலில் வானம் மறைந்து தெரு தெரிந்தது. இரும்பு பீரோ மகளை நோக்கி வழுக்கத் தொடங்க, பேராசிரியர் அதன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார்.

“ஏதாவது சொல்லும்மா, என்னால ரொம்ப நேரம் பிடிக்க முடியாது,” என்றார்.

மகள் அப்பாவையே பார்த்தாள். ஊமைப் பெட்டியை நம்பிக் கடலுக்குப் போகிறவன் கதி என்ன என்று அந்த இருவருக்கும் தெரியாதா? நன்றாகவே தெரியும். கேப்டன் மேசையைப் பிடித்தபடி இறங்கி, பீரோவுக்கும் மகளுக்கும் நடுவில் போய் நின்றார்.

“உப்புத் தண்ணி பட்டா இந்தப் பெட்டி கத்தாது. வீட்டு வாளியில இவ போட்டுப் பாத்தப்ப நானும் பாத்தேன். தெரிஞ்சுதான் இதுவரைக்கும் கொண்டாந்தேன்.”

அறை பாதி நிமிர்ந்தது.

“என் வாயால சொல்ல விட்டிருக்கலாம்லப்பா,” என்றாள் மகள். “ஆமா, கத்தாது.”

முழுவதும் நிமிர்ந்தது. கையெழுத்து நடக்கவில்லை, நிறுவனம் அந்த வருடமே மூடப்பட்டது. கேப்டன் தலைமையிலிருந்து மனமார விலகுவதாகச் சொன்னபோது அறை அவர் பக்கம் லேசாகச் சாய்ந்ததால் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

ஆலை முதலாளியின் பட்டறையில் ஒரு மூலையை வாங்கிக்கொண்டு மகள் பெட்டியைத் திரும்பச் செய்தாள். அப்பாவோடு பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு வருடம் கழித்து அதைக் கூட்ட அறைக்குக் கொண்டுவந்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக் காட்டினாள். பெட்டி காது கிழியக் கத்தியது, அறை அசையவில்லை. கையெழுத்தும் ஆனது.

“அப்பா மேல கோபம் எல்லாம் போயிடுச்சாம்மா?” என்று பேராசிரியர் கேட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்,” என்றாள்.

அறை அவள் பக்கம் மெல்ல இறங்கியது. எல்லோரும் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டார்கள். கேப்டன் அடுத்த விஷயத்தை வாசித்தார்.