இருபத்தொரு கல்லு

நான் கிளிநொச்சிப் பக்கத்துக் கண்டாவளைக்குப் போனது ஒரு மணிக்கூட்டுக்காக. முறுக்கி ஓடவிடுகிற பழைய கைமணிக்கூடுகளைச் சேர்ப்பவன் நான். பற்றரி போட்டவற்றோடு எனக்குப் பேச்சு இல்லை. உண்மையில் மனிதர்களோடும் அதிகம் இல்லை. ஒரு டயலைப் பார்த்தபடியே முழு ஞாயிற்றுக்கிழமையையும் கழித்திருக்கிறேன்.

வவுனியாவில் கடை வைத்திருக்கும் நண்பன் நாஸிம் அனுப்பிய படத்தில் அது இருந்தது. எழுபதுகளில் வந்த யப்பான் மணிக்கூடு. வெள்ளி நிற டயல். ஆறு மணிக் கோட்டுக்குக் கீழே எறும்புக் கால் அளவில் சில எழுத்துகள். அந்த எழுத்துகள்தான் விஷயம். இந்த வகையில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் டயலுக்குத் திரும்பப் பெயின்ற் அடித்தவை. அடிப்பவர்கள் அந்தச் சின்ன எழுத்துகளை மறந்துவிடுவார்கள், அல்லது மயிர்க்கொட்டிப் புழு போலத் தடிப்பாக எழுதிவிடுவார்கள். இது யாரும் தொடாத டயல். அப்படி ஒன்றை வருடக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன்.

மணிக்கூட்டின் சொந்தக்காரி விமலேஸ்வரி அம்மா, மோல்ட் மா வந்த பழைய நெஸ்டமோல்ட் ரின்னைத் திறந்து, பொத்தான்களுக்கும் நூல் கட்டைகளுக்கும் நடுவிலிருந்து மணிக்கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

“எங்கட அப்பா இவருக்குக் கலியாணத்துக்குப் போட்டது,” என்று கணவர் ஏரம்புவைக் காட்டினார். “கட்டின நாளில இருந்து மனிசன் ஒரு இடத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை.”

“உன்னைக் கட்டத்தான் நேரத்துக்குப் போனனான். அதோட பயம் பிடிச்சிட்டுது,” என்றார் ஏரம்பு, கதிரையில் சாய்ந்தபடி.

நான் சிரிக்கவில்லை. டயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எறும்புக் கால்கள் அத்தனையும் இருந்தன.

“தம்பி, மணிக்கூட்டை நீங்கள் சும்மாவே கொண்டு போங்கோ,” என்றார் அம்மா. “கல்லை மட்டும் கழட்டித் தாங்கோ.”

“என்ன கல்லு?”

அவர் டயலில் விரலை வைத்தார். இருபத்தொரு ஜுவல்ஸ் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

“ஜுவல்ஸ் எண்டால் நகைக்கல்லுத்தானே? கிளிநொச்சியில நகைக்கடை போர்ட் எல்லாத்திலயும் ஜுவலரி எண்டு போட்டுக் கிடக்குது. இந்தக் காதுக்குப் பத்து, அந்தக் காதுக்குப் பத்து. மிஞ்சிற ஒண்டு மூக்குத்திக்கு. தட்டாரோடயும் கதைச்சுப் போட்டன்.”

“பக்கத்து வீட்டுக் கமலாட்சியின்ர தோட்டில ஏழு கல்லு,” என்று ஏரம்பு எனக்கு விளக்கினார். “அந்த ஏழும் இஞ்ச என்னை நித்திரை கொள்ள விடுதில்லை.”

மணிக்கூட்டுச் சில்லுகளின் அச்சு முனைகள் தேயாமல் சுழலுவதற்காகச் சின்னச் சிவப்புக் கற்களில் குழி செய்து பொருத்தியிருப்பார்கள். கற்களைக் கழற்றினால் மணிக்கூட்டின் கதை முடிந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? அவை மாணிக்கம்தான், தொழிற்சாலையில் செய்த மாணிக்கம். மாணிக்கம் என்றால் தரமாட்டார். மாணிக்கம் இல்லை என்றால் பொய். ஒன்றுக்கும் உதவாத மாணிக்கம் என்றால் யார் நம்புவார்?

“வாயடைச்சுப் போனார் பார்,” என்றார் ஏரம்பு. “கல்லு நல்ல கல்லுத்தான்.”

“சிலோன் கல்லோ, பர்மாக் கல்லோ தம்பி?”

நான் மணிக்கூட்டைத் திருப்பிப் பின் மூடியைப் பார்த்தேன்.

“பர்மாதான்,” என்றார் ஏரம்பு.

என் மௌனம் நீள நீளக் கல்லின் தரம் உயர்ந்துகொண்டே போனது.

அம்மா பால் விடாத பிளேன்ரீ போடக் குசினிக்குள் போனார். ஏரம்பு கண்களை மூடிக்கொண்டார். கை சும்மா இருக்காமல் நான் மணிக்கூட்டை நாலு சுற்று முறுக்கினேன். ஓடத் தொடங்கியது. அப்போதுதான் யோசனை வந்தது. சொல்லத் தெரியாததைக் காட்டிவிடலாம். அவர் திரும்பி வந்ததும் பின் மூடியைத் திறந்து, என்னுடைய உருப்பெருக்கி லென்ஸைக் கண்ணில் வைத்துப் பார்க்கும்படி கொடுத்தேன்.

அவர் குனிந்தார். பார்த்தார். நிமிரவே இல்லை. பிளேன்ரீ ஆறியது. மௌனங்களை விரும்புபவன் நான். அந்த மௌனத்தை மட்டும் விரும்பவில்லை.

“சிவப்பு,” என்றார் கடைசியில். “ஆனால் கடுகைவிடச் சின்னன்.”

எனக்கு உயிர் வந்தது. “ஓம் அம்மா. தோட்டில வைச்சால் கண்ணுக்கே தெரியாது.” அன்று நான் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

“ஆனால் துடிக்குது.”

“அது… சில்லு ஆடுறது.”

“குருவிக் குஞ்சின்ர நெஞ்சுமாதிரித் துடிக்குது தம்பி. உயிரோட கிடக்கிறதை எப்பிடிக் கழட்டுறது? இது வீட்டிலயே இருக்கட்டும்.”

மூடியைப் பூட்டுவித்து, மணிக்கூட்டைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டார். பிறகு என் லென்ஸைப் பார்த்தார்.

“உது இல்லாமல் கமலாட்சிக்கு எப்பிடிக் காட்டுறது? வைச்சிட்டுப் போங்கோவன்.”

நான் எழுந்து செருப்பைப் போட்டேன்.

“நல்ல பிள்ளை,” என்று லென்ஸை ரின்னுக்குள் போட்டு மூடினார். ஒரு மணிக்கூடு எடுக்கப் போனவன் கண்ணைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அடுத்த நாள் தொலைபேசி அடித்தது.

“தம்பி, கல்லு எல்லாம் செத்துப் போச்சு! கமலாட்சியைக் கூப்பிட்டு, இவரைக் கொண்டு கத்தியால மூடியைத் திறப்பிச்சுக் காட்டினன். ஒரு துடிப்பும் இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எனக்கு உது வேண்டாம், வந்து கொண்டு போங்கோ.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. நான் வாழ்நாள் முழுக்கப் பழகியது எதுவோ, அதைச் செய்தாலே மணிக்கூடு என்னுடையது. எறும்புக் கால் எழுத்துகள் கண்ணுக்குள் ஊர்ந்தன.

“ஹலோ? ஹலோ? தம்பி?”

குரல் தழுதழுத்திருந்தது.

“அம்மா,” என்றேன். “பக்கத்தில ஒரு குமிழ் இருக்கெல்லோ, அதைப் பிடிச்சு மெல்ல முறுக்குங்கோ. இறுகினவுடன நிப்பாட்டுங்கோ. ஒவ்வொரு நாளும் காலமை முறுக்கவேணும். மூடியைக் கத்தியால திறக்கவே கூடாது, தூசி போகும். குளிக்கேக்க கழட்டி வையுங்கோ. டயலை மட்டும் ஒருத்தரும் துடைக்கப்படாது, அந்தச் சின்ன எழுத்து…”

கிறுக் கிறுக் என்று சத்தம் கேட்டது. பிறகு ஒரு கூச்சல். “துடிக்குது! கமலாட்சி, ஓடி வா, துடிக்குது!”

நான் நிறுத்தவில்லை. எண்ணெய் போடுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னாலிருந்து ஏரம்புவின் குரல் வந்தது. “ஆரப்பா போனில?”

“அந்த மணிக்கூட்டுத் தம்பி.”

“அட, அந்த வாயில்லாப் பூச்சி கதைக்குதோ?”

“கதைக்குதோவோ? ஆரோ முறுக்கிவிட்டமாதிரிக் கதைக்குது. நிப்பாட்ட ஏலாமல் கிடக்குது.”