பன்னிரண்டில் பதினொன்று

கதைகளில் பெண்களுக்குப் பேச இடம் கிடைப்பதில்லை என்பதை வகுப்புக்கு எடுத்துச்சொல்ல, நாலு பேருக்கும் சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம் தரப்பட்டிருந்தது. அதில் பதினொன்றை மைக் ஒருவனே பேசித் தீர்த்தான்.

வேண்டுமென்று செய்ததல்ல. அவன் வாயைப் பிரேக் வைக்காமலே படைத்து அனுப்பிவிட்டார்கள், பட்டப்பெயரே சாட்சி. முதல் மூன்று நிமிடம்தான் அவன் பங்கு. ஆனால் மூன்றாவது நிமிடத்தில் வகுப்பு சிரித்துவிட்டது. சிரிக்கிற கூட்டத்தை விட்டுவிட்டுப் போய் உட்கார அவன் என்ன துறவியா? பின்னால் குழுத் தலைவி, மூக்குக்கண்ணாடி போட்ட 'கண்ணாடி', எல்லோரிலும் குள்ளமான 'வாண்டு' மூவரும் கையில் குறிப்புகளோடு சுவரில் மாட்டிய படம் மாதிரி நின்றார்கள். கடைசியில், "இனி என் தோழிகள் பேசுவார்கள்" என்று பெருந்தன்மையாக வழிவிட்டான். தலைவி "வணக்கம்" என்றாள். மணி அடித்துவிட்டது.

மூன்று வாரம் நூலகத்தில் உட்கார்ந்து, முப்பது கதைகளில் யார் எத்தனை வரி பேசுகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணியவர்கள் அந்த நாலு பேர். பத்தொன்பது கதைகளில் மனைவிக்குப் பெயரே இல்லை. மைக் தலையில் வைத்துக் கொண்டாடிய துப்பறியும் கதையில் வந்த ஒரே பெண், காபியை வைத்துவிட்டுப் போனவள் போனவள்தான். அதைக் கண்டுபிடித்த அன்று நாலு பேரும் சிரித்த சிரிப்பில் நூலகர் வெளியே அனுப்பினார். அந்த மூன்று வாரம் மாதிரி அவனுக்குப் பள்ளியில் வேறெதுவும் இனித்ததில்லை.

ஆசிரியை இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை, முழுப் பள்ளியின் முன்னால். யார் மேடையேறுவது என்பதைக் குழுவே முடிவுசெய்ய வேண்டும். அதற்குள் ஆளுக்கொரு பக்கம், இந்த வேலையில் என்ன கற்றோம் என்று எழுதித் தர வேண்டும்.

மைக்குக்கு ஒரே கேள்விதான். தன்னைச் சேர்ப்பார்களா? தலைவியைக் கேட்டான், பார்க்கலாம் என்றாள். வாண்டு, உனக்கே தெரியும் என்றாள். ஆசிரியை யோசித்துப் பார்க்கச் சொன்னார். தையல் மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல் அம்மா சாப்பிடச் சொன்னாள். பெண்கள் பேசாமலிருந்தால் எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்கு முழுசாக விளங்கியது.

பக்கத்தை எழுதினான். பழக்கதோஷத்தில் பென்சிலை எடுத்து எண்ணியும் பார்த்தான். இருபத்தேழு 'நான்', இரண்டே இரண்டு 'நாங்கள்'. கிழித்துப் போட்டுவிட்டு, மற்ற மூவரும் அன்று வகுப்பில் என்ன சொல்லவிருந்தார்கள் என்று எழுத உட்கார்ந்தான். ஒரு வரி ஓடவில்லை. தெரிந்தால்தானே!

மறுநாள் மதிய இடைவேளையில் வெள்ளைத்தாளோடு அவர்கள் முன் போய் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன் பேர்வழி என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டான். காபிக்காரி பக்கமிருந்து அந்தக் கதையையே வாண்டு திருப்பி எழுதி வைத்திருந்தாள். கொலைகாரன் யாரென்று அவளுக்கு முதல் பக்கத்திலேயே தெரியுமாம், ஒருத்தரும் கேட்கவில்லையாம். மைக்குக்குக் குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. தலைவி அவன் முதுகில் நாலு தட்டுத் தட்டினாள். இவ்வளவு நல்ல சரக்கையா மறைத்துக்கொண்டு நின்றேன் என்று அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

தாளை வாங்கிப் படித்த கண்ணாடியிடம் கடைசியாகக் கேட்டான்: "சுத்தி வளைக்காம சொல்லு. நான் வேணுமா, வேணாமா?"

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னிக்கு உன்மேல செம கோவம்டா. என் பங்கைப் பதினஞ்சு தடவை சொல்லிப் பாத்துட்டு வந்திருந்தேன், வீட்டுக்குப் போய் அழுதேன். நீ இல்லாமலே எங்களால பண்ண முடியும். ஆனா உன்னோட சேந்து பண்ணத்தான் எங்களுக்கு ஆசை. வெள்ளிக்கிழமை வா. மூணு நிமிஷம், கடைசி ஆளா பேசு."