மூன்று மீட்டர் ஒயர்

திரையில் கோடு ஏறியது. நிற்க வேண்டிய மட்டத்தில் நிற்காமல் தாண்டிப் போய், மாட்டின் திமில் போல ஒரு மேட்டைக் காட்டிவிட்டு இறங்கியது. ஆதிலட்சுமி மறுபடி பொத்தானை அழுத்தினாள். மறுபடி அதே மேடு. ஐந்தாவது தடவைக்குப் பிறகு பொத்தானைத் தொடவே தயங்கியதில் அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷமாக லட்சம் வோல்ட்டை வேடிக்கை பார்த்தவளுக்கு இந்த இருநூறு வோல்ட் பயம் காட்டுகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பைத் தாண்டி மந்தாரக்குப்பம் போகிற வழியில் இருக்கும் தனியார் சோதனைக்கூடம் அது. பழுது பார்த்த டிரான்ஸ்ஃபார்மர்களுக்குச் செயற்கையாக ஒரு இடியைக் கொடுத்து, தாங்குகிறதா என்று பார்த்து அனுப்புவார்கள். கொடுத்த இடியை அளக்க டிவைடர் என்று ஆளுயரக் கம்பம் ஒன்று உண்டு. கம்பம் உண்மை பேசுகிறதா என்று அறிய, கம்பத்துக்கு வரும் ஒயரின் தலையில் சட்டென்று சின்ன மின்னழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். அதுதான் ஸ்டெப் ரெஸ்பான்ஸ். கோடு ஏறி மட்டத்தில் நின்றால் கம்பம் யோக்கியம். தாண்டிக் குதித்தால் கூட்டிச் சொல்லுகிறது என்று அர்த்தம். கம்பத்தை நகர்த்தினாலோ ஒயரை மாற்றினாலோ இதைத் திரும்ப எடுத்தாக வேண்டும்.

போன கார்த்திகை மழையில் கூரை ஒழுகியபோது கம்பத்தை உலர்ந்த மூலைக்குத் தள்ளிவைத்தவள் அவள்தான். ஒயர் மூன்று மீட்டர் நீண்டது. முத்தாண்டிக்குப்பம் முந்திரி ஆலையின் டிரான்ஸ்ஃபார்மரோடு லாரி வாசலில் நின்றது. திரும்ப எடுத்தால் அரை நாள் போய்விடும். நகர்த்துவதற்கு முன் எடுத்த பழைய கோட்டுத் தாளை நகலெடுத்துப் புதுத் தேதி போட்டாள். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். யாரும் பார்க்கவும் இல்லை. தொண்ணூற்றைந்தாயிரம் வோல்ட்டைத் தாங்கியது என்று கையெழுத்துப் போட்டாள். போன வாரம் கோடை இடியில் அது வெடித்தது. பக்கத்தில் நின்ற ஆலை எலெக்ட்ரீஷியன் நெடுமாறன் மேல் அதன் கொதிக்கும் எண்ணெய் கொட்டியது; மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான். இந்த மேட்டைக் கழித்துப் பார்த்தால், அன்றைக்கு அவள் கொடுத்தது எண்பத்திரண்டாயிரம்தான்.

மேனேஜர் வெங்கடேஷ் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மூணு மணிக்கு விசாரணைக்கு வராங்க. ஒயர பழையபடி சுருக்கி ஒரு கர்வ் எடுத்து வச்சிரு. தேதிய நான் பாத்துக்கறேன்."

"இதே ஒயர்ல டெஸ்ட் பண்ணி இன்னும் பதினாலு டிரான்ஸ்ஃபார்மர் வெளிய போயிருக்கு சார். குறிஞ்சிப்பாடியில, திருவதிகையில..."

"அதெல்லாம் ஓடிட்டுத்தான இருக்கு? கேஸு உன் பேர்லதான் வரும். படுத்த படுக்கையா இருக்கிற உங்கப்பாவ யாரு பாத்துப்பாங்க?"

கட்டிங் பிளேயரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை. சுரங்கத்தில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த அப்பாவுக்கு இப்போது தண்ணீர் குடிக்கவும் இவள் கைதான் வேண்டும். ஆதிலட்சுமி பிளேயரை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

வாசலில் ஒரு பெண் நின்றிருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தாள்.

"நெடுமாறன் வூட்டுக்காரிங்க, எம்பேரு சாமியம்மா. நீங்கதான் டெஸ்ட் பண்ணீங்கன்னு சொன்னாங்க."

மஞ்சள் பையிலிருந்து ஒரு ஜோடி ரப்பர் கையுறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். எண்ணெயில் வெந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

"ஆஸ்பத்திரியில குடுத்தாங்க. கவனமில்லாம போயி செத்தாருன்னு எழுதப் போறாங்களாம். மழ பேஞ்சிகினு இருக்கும்போது ஏன் போனாருன்னு கேக்குறாங்க. மெஷினு நின்னா அவருதான போவணும்? கையில இத மாட்டிகினுதாங்க போனாரு. எங்க தப்பு பண்ணாருன்னு நீங்களாவது சொல்லுங்க."

ஆதிலட்சுமியால் அந்தக் கையுறையைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பிளேயரைக் கீழே வைத்தாள். நீண்ட ஒயர் நீண்டபடியே இருக்க, பொத்தானை அழுத்தினாள். பிரிண்டர் தாளைத் தள்ளியது. அதன் கீழே இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டு சாமியம்மாள் முன்னால் வைத்தாள்.

"இந்த மேடு தெரியுதா?"

"இதுதான் அவரு பண்ண தப்புங்களா?"

"இல்லம்மா. இது நான் பண்ணது."

சாமியம்மாள் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். ஆள்காட்டி விரலைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தினாள். விரல் ஏறியது, மேட்டைத் தாண்டியது, இறங்கியது. வடலூர் பக்கம் எங்கோ இடி இடித்தது. ஆதிலட்சுமி திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள். சாமியம்மாள் நிமிரவில்லை. அவள் விரல் கோட்டின் தொடக்கத்துக்கே திரும்பி வந்து மறுபடியும் ஏறத் தொடங்கியது.