மார்த்தாவுக்கு இருபது டிகிரி

அந்த ஊரில் வீடுகள் கோபத்தில்தான் சூடாகும். விளக்குக்கு மின்சாரம், அடுப்புக்கு எரிவாயு, கதகதப்புக்குக் கோபம். பின்லாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் ஏரி உறைந்து கிடக்கும் ஊர் அது. சமாதானமான குடும்பங்கள் கம்பளிக்குள் வாழ்ந்தன.

சாத்தூர் ஜெயக்கொடி அங்கே ஒரு பல் ஆஸ்பத்திரியில் ஆறு வருடமாக வேலை பார்த்தாள். குடியிருந்தது ஒற்றை அறையில். கடுகு தாளித்தால் தளம் முழுக்க அபாய மணி அலறும் கட்டடம். அதனால், ஏரிக்கரையில் தனி வீட்டில் இருந்த ஹென்ரிக்கும் ஐலாவும் ஸ்பெயினுக்குப் போகும் மூன்று வாரம் வீட்டையும் பூனையையும் ஆமையையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டபோது, கரும்பு தின்னக் கூலியா என்று உடனே ஒப்புக்கொண்டாள். அந்தத் தம்பதி ஒரே ஒரு ஜன்னல் திரைக்காகப் பத்தொன்பது வருடம் சண்டை போட்டவர்கள். தெருவிலேயே கதகதப்பான வீடு அதுதான்.

ஐலா எழுதிவைத்த குறிப்பு ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தது. பூனை ஓட்டோவுக்கு இருவேளை மீன். ஆமை மார்த்தாவுக்கு வயது எழுபத்தொன்று. வீடு இருபது டிகிரிக்குக் கீழே போனால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். மூன்று நாள் அப்படியே கிடந்தால் செத்துப்போகும். காலையில் அரைமணி, மாலையில் ஒருமணி கோபப்படவும். சின்னக் கோபத்துக்குக் குளியலறை மட்டும்தான் சூடாகும். கூடத்துக்குக் குடும்ப விவகாரம் வேண்டும்.

முதல் இரண்டு நாள் ஜெயக்கொடி குறிப்பை மதிக்கவில்லை. தொட்டியில் வெந்நீர் நிரப்பிக் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம் எல்லாம் தாளித்தாள். புளிக்குழம்புச் சோற்றை சோபாவில் சம்மணமிட்டுச் சாப்பிட்டாள். ஓட்டோ மடியில் ஏறிப் படுத்தது. ஆறு வருடத்தில் முதல்முறையாக நிம்மதியாக இருந்தாள். வீடு பதினான்கு டிகிரிக்கு இறங்கியது. மார்த்தா தலையை இழுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் காலை, தாமதமாக வரும் பேருந்தை நினைத்துத் திட்டினாள். துண்டு காய்ந்தது. தன் பெயரை 'யெக்கோ' என்று கூப்பிடும் மேலதிகாரியைத் திட்டினாள். குளியலறைக் கண்ணாடியில் ஆவி படிந்தது. வேறு வழியில்லாமல் பெட்டியின் அடியிலிருந்து தங்கை தங்கமலரின் கல்யாணப் பத்திரிகையை எடுத்தாள்.

நான்கு வருடம் முன்பு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது அந்தப் பத்திரிகைக்கு அட்டை தேர்ந்தெடுத்தவள் அவள். புரூஃப் பார்த்தவள் அவள். அச்சாகி வந்தபோது பெரியப்பா பேரன்வரை எல்லாருடைய பெயரும் இருந்தது, அவள் பெயர் இல்லை. அண்ணன் சௌந்திரபாண்டி அன்று சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருந்தது. "புருசன விட்டுட்டு வந்தவ பேரப் போட்டா மாப்பிள்ள வீட்ல என்ன நெனைப்பாக, பாப்பா?"

நடுக்கூடத்தில் நின்று பத்திரிகையை உரக்கப் படித்தாள். 'சுற்றமும் நட்பும்' வருவதற்குள் இருபத்துமூன்று டிகிரி. மார்த்தா தலையை நீட்டிக் கீரை தின்றது. அதன்பிறகு தினமும் இரண்டு வேளை படித்தாள். கோபம் பழசானாலும் விறகாக நன்றாகவே நின்று எரிந்தது.

பதினைந்தாம் நாள் அண்ணன் போன் செய்தான். வீட்டில் கூட யாரெல்லாம் என்று கேட்டதற்கு, ஓட்டோவும் மார்த்தாவும் என்றாள்.

"அன்னைக்கு நான் செஞ்சது தப்புதான் பாப்பா. மன்னிச்சிரு."

நான்கு வருடம் அவள் காத்திருந்த சொல் அது. போனை வைத்தபோது வீடு பன்னிரண்டு டிகிரி. பத்திரிகையைப் படித்தாள், வெறும் காகிதமாக இருந்தது. அன்றும் மறுநாளும் மார்த்தா ஓட்டுக்குள்ளேயே கிடந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, அந்த மன்னிப்பத் திருப்பி வாங்கிக்க. ஒரு வாரத்துக்குப் போதும். இங்க ஒரு ஆமை சாகக் கெடக்கு."

"சொன்னதத் திருப்பி வாங்குனா நல்லாவா இருக்கும்?" என்றான் அவன். "தங்கமலர் மகனுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். பத்திரிக அனுப்பிருக்கேன், பாரு. இந்தத் தடவ ஒருத்தர் பேரும் விட்டுப்போகல. நீ இருக்கிற வீட்டு ஆளுகளக்கூடப் போட்டாச்சு."

போனிலேயே திறந்து பார்த்தாள். கடைசி வரியில் 'தங்கள் வரவை நாடும் ஓட்டோ, மார்த்தா, பின்லாந்து' என்றிருந்தது. மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தாள். தன் பெயர் இல்லை. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டுப் பெருமை வேறு பேசுகிறான். கூடம் சூடேறியது. இருபது, இருபத்தெட்டு, முப்பத்தைந்து. மார்த்தா தலையை நீட்டிக் கீரையைத் தின்றுவிட்டு, நிலைப்படியில் போய் நின்றது. ஓட்டோவும் பக்கத்தில் நின்றது. பெயர் போட்டுக் கூப்பிட்ட இடத்துக்குப் போகாமல் இருப்பது மரியாதையில்லை.

ஜெயக்கொடி ஐலாவிடம் கேட்டாள். போய்வரட்டும், வீட்டை மட்டும் ஆறவிடாதே என்று பதில் வந்தது. முறை செய்யப் போகிறவர்கள் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதால், மார்த்தாவின் முதுகில் ஒரு பட்டுச் சட்டையையும் கற்கண்டுப் பொட்டலத்தையும் கட்டி இருவரையும் வழியனுப்பினாள்.

நான்காம் நாள் அண்ணன் போனில் பேசினான்.

"மார்த்தா மடியில உக்கார வச்சுத்தான் காது குத்துனோம். பிள்ள அழவே இல்ல. அடுத்த வருசம்வரைக்கும் இங்கயே இருக்கட்டும்னு எல்லாரும் சொல்றாக." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: "நீயும் வந்திருக்கலாம்ல, பாப்பா."

வீடு கொதித்த சூட்டில், முன்னால் உறைந்திருந்த ஏரி உடையும் சத்தம் கேட்டது. அக்கம்பக்கத்து நான்கு குடும்பங்கள் தங்கள் சண்டைகளைப் பாதியில் நிறுத்திவிட்டு, நாற்காலிகளோடு வந்து கூடத்தில் குளிர்காய உட்கார்ந்தன.